பால் இல்லாத காபி: விக்டோரியக் கதைக்கவிதைகளில் அரசியல் எங்கே ஒளிந்திருக்கிறது?

1849ஆம் ஆண்டு, ரோம் நகரம். கிளாட் என்ற ஆங்கிலேய இளைஞன் கையில் மர்ரே பயண வழிகாட்டிப் புத்தகத்தோடு வழக்கமான காபிக் கடைக்குள் நுழைகிறான். கேபிடலின் குன்றில் உள்ள பளிங்குச் சிலைகளைப் பார்ப்பது அன்றைய திட்டம். பால் காபி கேட்கிறான். பால் இல்லை என்று பதில் வருகிறது. சரி, இன்றைக்குச் சண்டை என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. கடையில் யாரும் அவனைப் பெரிதாகக் கவனிப்பதாயில்லை. கடுங்காபிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஆர்தர் ஹியூ கிளஃப் எழுதிய 'அமூர் த வொயாஜ்' என்ற கதைக்கவிதையில் வரும் காட்சி இது. இத்தாலிய விடுதலைத் தலைவர் மாஜினியின் ரோமக் குடியரசைக் கலைத்துவிட்டு, தப்பியோடிய போப்பை மறுபடி உட்காரவைக்கப் பிரெஞ்சுப் படை நகருக்கு வெளியே வந்து நிற்கிறது. அந்த முற்றுகையின்போது கிளஃப் ரோமில்தான் இருந்தார். ஆனாலும் கிளாட் குடியரசு வாழ்க என்று கொடி பிடிப்பதில்லை, ஒழிக என்றும் சொல்வதில்லை. கிடைக்காத பாலைப் பற்றித்தான் எழுதுகிறான். ஒரு ஊரே தன் சுதந்திரத்துக்காகச் சாகக் கிளம்பும் காலையில், சுதந்திரத்தைப் பற்றி வாய்நிறையப் பேசும் படித்த ஆங்கிலேயன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதை அந்தக் காபிக் கோப்பை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். அரசனையும் காதலையும் பூதங்களையும் பாடிய கவிதைகளில் அரசியல் இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே கவிதைக்குள் இருக்கிறதா, இல்லை வலிந்து பொருள் கொள்வதா? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

விக்டோரியக் காலம் என்பது விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலம். அந்தக் காலத்தில் கவிதையில் கதை சொல்வது மிகச் சாதாரணம். சில கவிதைகள் நாவல் அளவுக்கு நீளும். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் 'அரோரா லீ' ஒன்பது பாகம், ராபர்ட் பிரௌனிங்கின் 'தி ரிங் அண்ட் த புக்' 20,000 வரிகளுக்கு மேல்.

நாடகத் தன்னுரை என்பது கவிஞர் தன் குரலை விட்டுவிட்டு ஒரு பாத்திரமாகவே பேசும் வடிவம். சொன்னது பாத்திரம்தான், நான் இல்லை என்று கவிஞர் எப்போது வேண்டுமானாலும் கையை விரித்துவிடலாம்.

உள்ளுறை என்ற சொல் நமக்குத் தொல்காப்பியத்திலிருந்தே பழக்கம். தாமரையை மிதித்து மேயும் எருமையைக் காட்டிவிட்டுத் தலைவனைக் குத்துவது அதன் வழி. விக்டோரியக் கவிதையின் அரசியல் பெரும்பாலும் அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருந்தி வருவதில்லை. கதை எந்தக் காலத்தில், எந்த ஊரில் நடக்கிறது, யார் வாயால் சொல்லப்படுகிறது, பதிப்புக்குப் பதிப்பு எந்த வரி மாறியது என்ற மூன்று கேள்விகளில்தான் அது பிடிபடும்.

ஏன் நேராகச் சொல்லவில்லை?

போலீஸ் பயம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைய இங்கிலாந்தில் நாடகங்களுக்குத்தான் அரண்மனை அதிகாரியின் முன் அனுமதி தேவைப்பட்டது, புத்தகங்களுக்கு இல்லை. தடைகள் வேறு.

1. பதவி. டென்னிசன் 1850 முதல் 1892இல் இறக்கும்வரை அரசவைக் கவிஞர். அரசைத் திட்டக்கூடாது என்று எழுதிய விதி எதுவும் இல்லை. ஆனால் அவர் எதை எழுதினாலும் அதை அரண்மனையின் குரலாகப் படிக்க ஆள் இருந்தது.

2. வரவேற்பறை. கவிதைப் புத்தகம் குடும்பத்தோடு உட்கார்ந்து உரக்கப் படிக்கப்பட்ட பொருள். மூடி என்பவர் 1842இல் தொடங்கிய சந்தா நூலகம் எதை வாங்கும், எதை வாங்காது என்பது எழுத்தாளர்களின் பிழைப்பையே தீர்மானித்தது. பெண்கள் படிக்கக் கூச்சப்படும் விஷயம் என்றால் கதவு அடைபட்டுவிடும்.

3. வர்க்கம். சட்டம் உண்மையிலேயே பாய்ந்தது தொழிலாளர் பக்கத்துக் கவிஞர்கள்மேல். வயது வந்த எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்கெடுப்பு முதலான ஆறு கோரிக்கைகளை 1838இல் முன்வைத்தது சார்டிஸ்ட் இயக்கம். அதைச் சேர்ந்த தாமஸ் கூப்பர் ஸ்டாஃபோர்டு சிறையில் இருந்தபோது எழுதியதுதான் 1845இல் வந்த 'தி பர்கேட்டரி ஆஃப் சூயிசைட்ஸ்'. பூடகமாகப் பேசுவதற்கும் ஒரு வசதி வேண்டும். அது அவருக்கு இல்லை.

ரொட்டியில் படிகாரம்

டென்னிசனின் 'மாட்' 1855இல் வெளிவந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் காதல் கதை. ஒரு இளைஞன், மாட் என்ற பெண், அவளுடைய பணக்கார அண்ணன், சண்டையில் ஒரு சாவு, பைத்தியம். ஆனால் கவிதை காதலில் தொடங்கவில்லை, ஒரு பள்ளத்தில் தொடங்குகிறது. பெரிய வியாபாரச் சூதாட்டம் ஒன்று கவிழ்ந்ததில் கதைசொல்லியின் அப்பா பிணமாகக் கிடந்த பள்ளம் அது. அதே விவகாரத்தில் லாபம் பார்த்தவர் மாட்டின் அப்பா. அவளைப் பெண் கேட்டு வரும் புதுப்பணக்காரப் பிரபுவின் செல்வமோ, அவன் தாத்தா தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது.

முதல் பகுதியிலேயே கதைசொல்லி கொதிக்கிறான். அமைதியின் ஆசிகள் என்று ஏன் பிதற்றுகிறீர்கள், இது வாளை மறைத்துக்கொண்டு நடக்கும் உள்நாட்டுப் போர் அல்லவா என்கிறான். அதற்கு அவன் அடுக்கும் சாட்சிகளில் ஒன்று: சாக்கட்டியும் படிகாரமும் சாந்தும் ஏழைகளுக்கு ரொட்டி என்று விற்கப்படுகின்றன.

இது கற்பனையோ மிகையோ இல்லை. படிகாரம் கலந்தால் மட்டமான மாவிலும் ரொட்டி வெள்ளைவெளேர் என்று வரும். 1851 முதல் 1854 வரை ஆர்தர் ஹில் ஹாசல் என்ற லண்டன் மருத்துவர் கடை கடையாக உணவுப் பொருள்களை வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 'லான்செட்' இதழ் அந்த முடிவுகளைக் கடைக்காரர்களின் பெயர், முகவரியோடு அச்சிட்டது. 'மாட்' வெளிவந்த அதே 1855இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கலப்படத்தை விசாரித்தது. முதல் கலப்படத் தடுப்புச் சட்டம் 1860இல்தான் வந்தது, அதிலும் பல் கிடையாது.

ஆக, அரசவைக் கவிஞர் கட்டற்ற வாணிபத்தின்மேல் அச்சில் வைத்த குற்றப்பத்திரிகை இது. ஆனால் அதை வாசித்துக்காட்டும் கதைசொல்லி அரைப் பைத்தியம். அந்த ஏற்பாட்டில்தான் கவிதையின் சாமர்த்தியம் இருக்கிறது, கோழைத்தனமும் இருக்கிறது. ரொட்டியைப் பற்றி அவன் சொல்வது உண்மை என்று வாசகருக்குத் தெரியும். அப்படியானால் அவன் சொல்லும் தீர்வு? ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போர். கடைசியில் அவன் கப்பலேறுகிறான். அமைதி என்ற புற்று ஒழிந்தது, போரின் ரத்தச் சிவப்புப் பூ மலர்கிறது என்று பாடுகிறான். ரொட்டியில் கலப்படம் செய்தவனை நீதிமன்றத்தில் நிறுத்தாமல், தெற்கு ரஷ்யாவில் யாரையோ சுடப் போகிறான். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த வாய்தான் இந்த மருந்தையும் எழுதித் தருகிறது. இதைக் கவிஞரின் கருத்தாக எடுப்பதா, பைத்தியத்தின் அறிகுறியாக எடுப்பதா என்று கவிதை கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

அன்றைய வாசகர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. தலைப்பில் (Maud) ஒரு உயிரெழுத்து அதிகம், இரண்டில் எதை எடுத்தாலும் பொருந்தும் என்று ஒருவர் கிண்டலடித்தாராம்: ஒன்றை எடுத்தால் பைத்தியம் (mad), மற்றதை எடுத்தால் சேறு (mud). 1859இல், நிதியமைச்சரான அதே ஆண்டில், கிளாட்ஸ்டன் 'குவார்ட்டர்லி ரிவியூ'வில் போர்ப் பகுதிகளைக் கண்டித்து எழுதினார். பிற்காலத்தில் அந்தக் கண்டனத்தைத் தணித்துக்கொண்டார். ஒரு நிதியமைச்சர் காதல் கவிதைக்கு மறுப்பு எழுதியிருக்கிறார் என்றால், அரசியல் பொருள் பிற்காலப் பேராசிரியர்கள் கொண்டுவந்து ஒட்டியது என்று சொல்வது கஷ்டம்.

'யாரோ' போய் வந்த கதை

மூன்றாவது கேள்விக்கு, அதாவது பதிப்புகளில் மாறும் வரிக்கு, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1854 அக்டோபர் 25 அன்று, அதே கிரிமியப் போரில், பாலக்லாவாவில் சுமார் 670 ஆங்கிலேயக் குதிரைவீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராக அனுப்பப்பட்டார்கள். உத்தரவில் குழப்பம். தளபதி ராக்லன் எழுதச் சொன்னது ஒன்று, தூதாக வந்த நோலன் கொண்டுவந்து சொன்னது ஒன்று, குதிரைப்படைத் தலைவர் லூக்கன் புரிந்துகொண்டது ஒன்று, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கார்டிகன் நடத்தியது இன்னொன்று. செய்தித்தாளில் இதைப் படித்து டென்னிசன் எழுதிய 'தி சார்ஜ் ஆஃப் த லைட் பிரிகேட்' டிசம்பர் 9 அன்று 'எக்ஸாமினர்' இதழில் வந்தது.

அதில் ஒரு வரி: யாரோ தவறிழைத்துவிட்டார்கள் என்று வீரனுக்குத் தெரியும். தெரிந்தும் போகிறான்.

அன்று ஆங்கிலேயப் படையின் குதிரைப்படையிலும் காலாட்படையிலும் அதிகாரிப் பதவிகளைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்த வழக்கம் 1871இல்தான் ஒழிந்தது. படைப்பிரிவின் தலைமையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியவர் கார்டிகன். ஆக, அந்த 'யாரோ' ஒரு வர்க்கத்துக்கான பிரதிப்பெயர். பெயர் சொல்லாததால் அது மழுங்கிவிடுகிறதா? எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அந்த ஆளை மட்டும் மாற்றிவிட்டுக் கதையை முடித்திருக்கலாம்.

1855இல் 'மாட்' தொகுப்பில் இந்தக் கவிதையைச் சேர்த்தபோது டென்னிசன் அந்த வரியை எடுத்துவிட்டார். கவிதை பளபளவென்று வீரப்பாட்டாக ஆகிவிட்டது. அப்புறம் போர்முனையிலிருந்து செய்தி வந்தது: படைவீரர்களுக்கு இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது, அச்சுப் பிரதி வேண்டும் என்கிறார்கள் என்று. டென்னிசன் அவர்களுக்காகத் தனியாக 1000 பிரதிகள் அச்சடித்து அனுப்பினார், அந்த வரியைத் திரும்பச் சேர்த்து. வரவேற்பறைக்குப் போன பதிப்பில் தவறு இல்லை, சாகப்போனவர்களின் பதிப்பில் தவறு இருந்தது. இன்று எல்லாரும் படிப்பது இரண்டாவதைத்தான்.

கேமலாட்டில் ஒரு விவாகரத்து

டென்னிசனின் 'ஐடில்ஸ் ஆஃப் த கிங்' ஆர்தர் மன்னன் கதை. பழங்காலம், கேமலாட் என்ற தலைநகர், வாள், வட்ட மேசை. ஆனால் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அரசியல் காணாமல் போய்விடுவதில்லை. தொகுப்பு ஆல்பர்ட் இளவரசருக்குச் சமர்ப்பணம். 1873இல் சேர்ந்த முடிவுரை ராணியை நேரே விளித்து, கனடாவைக் கழற்றிவிடலாம் என்று சொன்னவர்களைச் சாடுகிறது.

இதைவிட நுட்பமான இடம் 1859இல் வந்த 'கினிவியர்' பகுதி. ராணி கினிவியர், ஆர்தரின் வீரன் லான்சலாட்டைக் காதலித்ததால் நாடே அழிந்தது என்று ஆர்தர் பேசுகிறார். அவளோ அவர் காலடியில் தரையில் கிடக்கிறாள். மனைவி தவறியவள் என்று தெரிந்தும், குடும்ப மானத்துக்காகவோ பிள்ளைகளுக்காகவோ அவளை வீட்டில் வைத்திருக்கும் கணவனே பொது எதிரிகளில் கொடியவன் என்கிறார். 'பொது எதிரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். படுக்கையறை விவகாரம் தேசத்துரோகமாக ஆகிறது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1857இல், இங்கிலாந்தில் மணமுறிவுச் சட்டம் வந்திருந்தது. மனைவியின் கள்ள உறவு ஒன்றே கணவன் விவாகரத்துப் பெறப் போதும். மனைவிக்கு அது போதாது; கணவன் கொடுமைப்படுத்தினான் என்றோ கைவிட்டான் என்றோ கூடுதலாக நிரூபிக்க வேண்டும். ஆர்தரின் பேச்சை அந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்தால், ஆறாம் நூற்றாண்டு சட்டென்று பத்தொன்பதாம் நூற்றாண்டாகிவிடும்.

பாரெட் பிரௌனிங்குக்கு இந்தப் பழங்கால வேஷமே பிடிக்கவில்லை. கினிவியர் கண்ணுக்கு ஆர்தர் சாதாரண ஆள்தான், அந்தக் காலப் பாணர்களுக்குக் கேமலாட்டும் நம் கவிஞர்களுக்கு லண்டனின் ஃபிளீட் தெருவைப் போலச் சப்பென்றுதான் இருந்திருக்கும் என்று 'அரோரா லீ'யில் போட்டு உடைக்கிறார்.

வலிந்து பொருள் கொள்ளும் ஆபத்து

கிறிஸ்டினா ரொசெட்டியின் 'காப்ளின் மார்க்கெட்' 1862இல் வந்தது. பூதங்கள் பழம் விற்கின்றன, வாங்க வாங்க என்று கூவுகின்றன. லாரா என்ற பெண்ணிடம் காசில்லை. பூதங்கள் அவளுடைய பொன்னிறக் கூந்தலில் ஒரு சுருளை விலையாகக் கேட்கின்றன, அவள் வெட்டிக் கொடுக்கிறாள். கையில் காசில்லாத பெண் சந்தைக்குப் போனால் உடம்பில் ஒரு பகுதியைத்தான் விலையாகக் கொடுக்க முடியும். இந்தக் கவிதை எழுதப்பட்ட 1859இல்தான் ரொசெட்டி, பாலியல் தொழிலிலிருந்து வந்த பெண்களுக்கான ஹைகேட் விடுதி ஒன்றில் தொண்டு செய்யத் தொடங்கினார்.

இவ்வளவும் சரி. ஆனால் இதில் ஆழ்ந்த பொருள் எதையும் நினைத்து எழுதவில்லை என்று ரொசெட்டி சொன்னதாக அவர் அண்ணன் வில்லியம் பதிவுசெய்திருக்கிறார். டென்னிசனும், இது அதைக் குறிக்கிறது என்று தன்னைக் கட்டிப்போடுவது பிடிக்காது என்றார். கவிதை பல நிறம் காட்டும் பட்டு என்றார். அவர் சொன்ன பட்டுக்கு நம் ஊரில் மயில்கழுத்து என்று பெயர்.

எனவே இந்தப் பூதம் இந்த முதலாளி, அந்தப் பழம் அந்தக் காலனி என்று பட்டியல் போடுவது வீண் வேலை. எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் 'மாட்டு' என்ற உத்தியைப் போல, கெட்டிக்காரத்தனம் தெரியும், கவிதை தெரியாது. ஆனால் கூந்தலை விலையாகக் கொடுத்தது கவிதையிலேயே இருக்கிறது. ஏன் காசு இல்லை என்று கேட்க எழுதியவரின் அனுமதி தேவையில்லை.

யாருக்கு வாய் இருக்கிறது?

மூன்று கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ராபர்ட் பிரௌனிங்கின் 'தி ரிங் அண்ட் த புக்' 1868–69இல் வந்தது. 1698இல் ரோமில் நடந்த ஒரு கொலை வழக்கின் பழைய ஆவணங்களை ஃபுளோரன்ஸ் சந்தைக் கடையில் வாங்கி, அதிலிருந்து எழுதினார். கைடோ என்ற பிரபு தன் மனைவி பொம்பிலியாவையும் அவளை வளர்த்தவர்களையும் கொன்றுவிட்டு, மானம் காக்கவே செய்தேன் என்று வாதாடுகிறான். நாம் இன்று ஆணவக் கொலை என்று சொல்வதற்கு அவன் தரப்பில் சட்ட நியாயமே இருந்தது. பிரௌனிங் ஊர்ப்பேச்சு, வழக்கறிஞர்கள், போப் என்று எல்லாரையும் பேசவிட்டு, 17 வயதுப் பொம்பிலியாவையும் மரணப் படுக்கையிலிருந்து பேசவைக்கிறார். தரையில் கிடந்த கினிவியருக்கு ஆர்தர் பேசும்போது கிடைக்காத வாய் இவளுக்குக் கிடைக்கிறது. கைடோவுக்கு இரண்டு முறை பேச இடம் கொடுத்திருப்பது தனிக் கதை. இரண்டாம் முறை அவனே தன் முகமூடியைக் கிழித்துக்கொள்கிறான்.

இனி இந்தியாவுக்கு வருவோம். எர்னஸ்ட் ஜோன்ஸ் சார்டிஸ்ட் தலைவர். 1848இல் பேசிய பேச்சுக்காக இரண்டு ஆண்டுகள் சிறை. 1851இல் 'தி நியூ வேர்ல்ட்' என்ற நீண்ட கவிதையை வெளியிட்டார். அதில் இந்தியர்கள் ஆங்கிலேயர்களுக்கு எதிராக எழுகிறார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து உண்மையிலேயே அது நடந்தபோது, அதே கவிதையை 'தி ரிவோல்ட் ஆஃப் ஹிந்துஸ்தான்' என்று தலைப்பு மாற்றி மறுபடி அச்சிட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதனாலேயோ என்னவோ இன்று பாடத்திட்டங்களில் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் இருப்பவரும் 1857ஐப் பாடினார். டென்னிசனின் 'தி டிஃபென்ஸ் ஆஃப் லக்னோ' 1879இல் வந்தது. முற்றுகையிடப்பட்ட ரெசிடென்சி கட்டடத்தின் உச்சியில் இங்கிலாந்தின் கொடி பறந்தது என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளே ஆங்கிலேயர்களோடு நின்று சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு பாராட்டும் உண்டு: கறுத்த முகத்துக்கும் உரியதைக் கொடுங்கள் என்கிறது கவிதை. வெளியே இருந்து முற்றுகையிட்டவர்களுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் அவர்களில் ஒருவன் காதுக்கு வெகு அருகில் வருகிறான். சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறான். உள்ளே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைத்துப்பாக்கியோடு, மண்ணுக்குள் கேட்கும் பிக்காசுச் சத்தத்தைக் கேட்கிறார்கள். 'கிளிக்' என்று அது கிட்டே வந்துகொண்டே இருக்கிறது. பிக்காசு முனை வெளியே எட்டிப்பார்க்கும் நொடியில், இப்போது பேசட்டும் என்கிறது கவிதை. பேசுவது துப்பாக்கி.